செருப்பு மாட்டிய பிறகு

மனசு சரியில்லாதவர்கள் எல்லோரும் எதிர்வீட்டில்தான் குடியிருக்கிறார்கள் என்பதை அவள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"இங்க அப்படி யாரும் கிடையாதுங்க. எதிர்வீட்டுல கேளுங்க" என்று ஒரு கதவு சாத்திக்கொள்ளும். எதிர்வீட்டுக்குப் போனால், அங்கிருந்து நீளும் விரல் அவள் வந்த வழியையே காட்டும். பனியன் போட்ட பெரியவர் ஒருவர், "மனசா? எங்க வம்சத்துலயே யாருக்கும் அது கிடையாதும்மா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அதையும் அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். சிரிக்கவும் தெம்பு வேண்டுமே.

அலுவலகத்தில் அவளுக்கு ஏழாம் வீட்டம்மா என்று பெயர். கணக்கெடுப்பு என்றால் எல்லா வீட்டுக்கும் போவதில்லை. தெருமுனையிலிருந்து எண்ணிக்கொண்டே வந்து, ஒவ்வொரு ஏழாவது வீட்டுக் கதவையும் தட்டவேண்டும். இருபத்திரண்டு வருடமாக அவள் தட்டாத கதவு இல்லை. குழந்தைகளின் சொத்தைப் பல்லை எண்ணியிருக்கிறாள், சாக்கடை மூடியை எண்ணியிருக்கிறாள், தெருநாயை எண்ணியிருக்கிறாள். நாய்க் கணக்கின் கடைசி நாட்களில் அவள் தலையைக் கண்டதும் நாய்களே வரிசையில் வந்து நின்றன என்றும், ஏழாவது நாய் மட்டும் ஓரடி முன்னால் வந்தது என்றும் அலுவலகத்தில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. வயது நாற்பத்தொன்பது. முழங்காலுக்கு மட்டும் அறுபத்தைந்து.

இந்தத் தடவை எண்ண வேண்டியது மனசை. நாற்பத்திரண்டு கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் எத்தனை நாள் இருந்தீர்கள்? தூக்கம் வராமல் எத்தனை நாள்? உதவி கேட்டு எங்கே போனீர்கள், எவ்வளவு தூரம், எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள்? கடைசியில் பதில் சொன்னவரின் கையெழுத்து. கையெழுத்து விழுந்த பிறகு படிவத்தில் ஒரு புள்ளி சேர்த்தாலும் அது செல்லாது.

அவ்வளவு பெரிய நகரத்துக்கு மனநோய்க்கென்று இருந்தது ஒரே ஆஸ்பத்திரி. அதுவும் நகரத்தின் மறுகோடியில், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். போனால் அன்றைக்கே பார்க்கமாட்டார்கள். நாள் குறித்துக் கொடுப்பார்கள். அந்த நாள் வர நாலு மாதம் ஆகும். இப்போது ஆறு பகுதிகளில் கணக்கெடுத்து, எங்கே தேவை அதிகமோ அந்த இரண்டு பகுதிகளில் வாரத்துக்கு ஒரு பிற்பகல் ஒரு டாக்டரை உட்காரவைப்பதாக ஏற்பாடு. அவளுடைய பகுதி அந்த ஆறில் ஒன்று. நூலகத்துக்குப் பின்னால் காலியாகக் கிடந்த அறையைக்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள்.

அந்த அறைக்கு டாக்டர் வந்தே தீரவேண்டும் என்று அந்த நகரத்தில் அவளைப்போல் ஆசைப்பட்டவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. காரணம் அவள் வீட்டு உள்ளறையில் இருந்தது.

அவள் தம்பி மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டுகிற வேலையில் இருந்தவன். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், நெரிசலான பஸ்ஸில் மூச்சு அடைத்து, சாகப்போகிறோம் என்று தோன்றி, ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கப் பார்த்தான். நாலு பேர் பிடித்து இறக்கிவிட்டார்கள். அன்றோடு பஸ் போயிற்று. பஸ் போனதால் வேலை போயிற்று. பிறகு தெரு போயிற்று, வாசல் போயிற்று. மூன்று தடவை ஆஸ்பத்திரியில் நாள் வாங்கினாள். மூன்று தடவையும் பஸ் நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன், பஸ் வந்ததும் திரும்பி நடந்துவிட்டான். ஆனால் நடப்பான். விடிந்தும் விடியாமலும், தெருவில் ஆள் இல்லாத நேரத்தில், தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்த் திரும்புவான். நானூற்றிருபது அடி. எண்ணி வைத்திருந்தான், அக்காவின் ரத்தம். தொட்டியிலிருந்து நூலகம் இன்னும் இருநூற்றுப் பத்து அடி.

"டாக்டர் அங்க வந்தா நடந்துடுவியாடா?"

"தெரியலக்கா. வரட்டும், பாக்கலாம்."

அந்த 'பாக்கலாம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் படியேறினாள்.

ஊருக்கு அவன் கப்பலில் இருந்தான். அது தனிக்கதை. அவன் வேலைக்குப் போகாத முதல் மாதம், பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, "ஏம்மா, தம்பியைக் காணோமே?" என்று கேட்டபோது, வாயில் முதலில் வந்தது கப்பல். ஏறியது ஏறிவிட்டான், இனி இறக்க முடியாது. அடுத்த வருடம் கப்பல் பெரிதாயிற்று. அதற்கடுத்த வருடம் பதவி உயர்வு. ஒருமுறை புயலில் மாட்டி, மூன்று நாள் திமிங்கிலங்கள் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்துக் கப்பலைக் கரை சேர்த்ததாகக்கூடச் சொல்லிவிட்டாள். தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "திமிங்கிலத்துக்கும் நல்ல மனசுதான்" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

முதல் வாரம் அவள் முடித்த படிவங்கள் பன்னிரண்டு. பன்னிரண்டிலும் பூஜ்யம். நாட்டமின்மை பூஜ்யம், தூக்கமின்மை பூஜ்யம், அழுகை பூஜ்யம். சொர்க்கத்தில் கணக்கெடுத்தாலும் இவ்வளவு நல்ல முடிவு வந்திருக்காது.

ஆனால் ஒன்றைக் கவனித்தாள். கையெழுத்தை வாங்கி, படிவத்தைப் பையில் போட்டு, வாசலுக்கு வந்து குனிந்து செருப்பை மாட்டும்போது, பின்னாலிருந்து ஒரு குரல் வரும். "இதை எழுதாதீங்க. சும்மா சொல்றேன்..." அப்படி ஆரம்பித்தால் அவ்வளவுதான். ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு, குழந்தை பிறந்து ஏழு மாதமாக அதன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது என்றாள். ஒரு காவலாளி, நிற்கிற வேலைதான், ஆனால் எதற்கு நிற்கிறோம் என்பது மறந்துபோய்விட்டது என்றார். வம்சத்திலேயே மனசு இல்லாத பெரியவர், அவள் வலதுகால் செருப்பை மாட்டுவதற்குள், மனைவி போன பிறகு இரண்டு தட்டு எடுத்து வைப்பதை நிறுத்த முடியவில்லை என்று சொல்லி முடித்துவிட்டார். உட்காரவைத்துக் கேட்டால் வராத உண்மை, முதுகைக் காட்டினால் வந்தது.

அதையெல்லாம் அவள் கையெழுத்துக்குக் கீழே சிவப்பு மையில் நுணுக்கி எழுதிக் கொடுத்தாள். சூப்பர்வைசர் பன்னிரண்டையும் திருப்பிப் போட்டார்.

"கையெழுத்துக்குக் கீழ எழுதினது செல்லாதும்மா. உங்களுக்குத் தெரியாததா?"

"நெசத்தை எழுதியிருக்கேன் சார்."

"நெசமா இருக்கலாம். வரிசையில இல்லையே."

பழம் தின்று கொட்டை போட்டவளுக்கு ஒருநாள் ஆயிற்று, வழி கண்டுபிடிக்க. அடுத்த வாரத்திலிருந்து கையெழுத்து வாங்காமலேயே எழுந்தாள். "சரி, வரேங்க" என்று சொல்லி, படிவத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மெதுவாகச் செருப்பை மாட்டினாள். ஒரு செருப்பின் வாரை வேண்டுமென்றே அறுத்து, ஊக்கு குத்தி வைத்திருந்தாள். அதைச் சரிசெய்யக் கூடுதலாக இரண்டு நிமிடம் கிடைக்கும். குரல் வந்ததும் திரும்பி, "எழுதிக்கட்டுமா? பேர் வராது" என்பாள். பத்தில் ஏழு பேர் தலையாட்டினார்கள். பிறகுதான் கையெழுத்து. இந்த வித்தை அலுவலகம் முழுக்கப் பரவிற்று. அவளோடு வேலைபார்த்த பழைய பஸ் கண்டக்டர், வேலை ஓய்ந்து இந்தப் பக்கம் வந்தவர், செருப்பை விட்டுவிட்டுக் கயிறு கட்டுகிற ஷூவே வாங்கிவிட்டார்.

எண்ணிக்கை ஏறியது. அவளுக்குத்தான் இறங்கியது. ஒரு நாளைக்கு ஆறு வீடு; ஆறு வீட்டுத் துக்கத்தையும் மாடிப்படியில் சுமந்து இறங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, வீட்டில் எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். உள்ளறையிலிருந்து தம்பி, "சாப்டியாக்கா?" என்பான். "ம்" என்பாள். சாப்பிட்டிருக்கமாட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அவள் தெருவே கணக்கில் வந்தது.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து எண்ணினாள். ஏழு, பதினாலு, இருபத்தொன்று. இருபத்தெட்டில் விரல் வந்து நின்ற கதவு பச்சை நிறம். பூட்டு அவள் வாங்கியது. மறுபடி தொட்டிக்குப் போய் எண்ணினாள். மறுபடியும் அதே பச்சைக் கதவு. கணக்கெடுப்பவர் தன் வீட்டைத் தானே எடுக்கக்கூடாது. அலுவலகத்தில் சொன்னால் வேறு ஆளை அனுப்புவார்கள். வேறு ஆள் வருவார், உட்காருவார், "வீட்ல எத்தனை பேர்?" என்பார். பதினோரு வருடமாகக் கடலில் மிதக்கும் கப்பல் என்ன ஆவது?

மூன்றாவது தடவை எண்ணும்போது, தெரு நடுவில் இருந்த மின்சார அறை கண்ணில் பட்டது. மண்டை ஓடு படம் போட்ட தகரக் கதவு. கதவு இருந்தால் வீடுதானே! அதையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணினாள். இருபத்தெட்டாவது வீடு ஒரு கதவு முன்னால் நகர்ந்து தையல்காரம்மா வீட்டில் போய் நின்றது.

தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு நாற்பத்தோரு கேள்விக்கும் "நல்லாருக்கேன்" என்றாள். பிறகு செருப்பு. பிறகு குரல்.

"எழுதுறதுன்னா எழுதிக்கோ. தூக்கம் கிடையாதும்மா. கண்ணை மூடினா மக ஞாபகம். படுத்துப் பொரள்றதுக்குத் தைக்கலாம்னு எழுந்து தைப்பேன். தைச்சதையே பிரிச்சு மறுபடியும் தைப்பேன். ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகல. அவ்வளவு தூரம் போயி, என்ன சொல்றது? மெஷின் நிக்க மாட்டேங்குதுன்னா?"

மகளைப் பறிகொடுத்து ஐந்து வருடம் ஆகிறது. ஒரு சுவர்தான் இடையில். இவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எழுதினாள். கடைசிக் கேள்வி மீதியிருந்தது: உதவி தேவைப்படுகிற வேறு யாரையாவது தெரியுமா?

தையல்காரம்மா அவள் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "பக்கத்துல..." என்றவள் நிறுத்திக்கொண்டாள். "விடு. கப்பல்ல இருக்கறவங்களை எப்படி எழுதறது?" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

நாலாவது நாள் சூப்பர்வைசர் வரைபடத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தார்.

"ஏம்மா, இந்த மின்சார அறையில யார் குடியிருக்கா? அவருக்கு மனசு எப்படி இருக்காம்?"

"சூடா இருக்கு சார்" என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"இருபத்திரண்டு வருஷத்துல நீங்க ஒரு வீடு தப்பினதில்ல. வெயிலா?"

"வெயில்தான் சார்."

"தையல்காரங்க படிவம் செல்லாது. அது ஏழாவது வீடு இல்ல. எது ஏழாவது வீடுன்னு நான் சொல்ல வேண்டாம். கண்டக்டர் நாளைக்குப் பத்து மணிக்கு வருவார்." அவர் வரைபடத்தைச் சுருட்டினார். "நம்ம பகுதி ரெண்டாவது இடத்துக்கும் மூணாவது இடத்துக்கும் நடுவுல ஊசலாடுது. இந்த நேரத்துல ஒண்ணு போச்சு."

அவளுக்கு அதுதான் சுட்டது. தன் கதவைக் காப்பாற்றிக்கொள்ள அவள் தூக்கி எறிந்தது, ஐந்து வருடம் தூங்காத ஒருத்தி வாய்திறந்து சொன்ன முதல் வார்த்தையை.

மறுநாள் பத்து மணிக்குக் கண்டக்டர் வந்தார். பேனா காதில். ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"நான் மட்டுந்தான்ணே."

"கப்பல்ல ஒருத்தர் இருக்காருன்னு சொல்வாங்களே?"

"ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருக்கறவங்களைச் சேக்கக்கூடாது. விதி நாலு."

"அதுவும் சரிதான். நாட்டமில்லாம எத்தனை நாள்?"

"பூஜ்யம்."

"தூக்கம் வராம?"

"பூஜ்யம்."

"களைப்பு?"

"வேலை செய்றவளுக்குக் களைப்பு இல்லாமயா? பூஜ்யம் போடுங்க."

அப்போது உள்ளறையில் யாரோ இருமினார்கள். உடனே அவளும் இரண்டு தரம் பலமாக இருமினாள்.

கண்டக்டர் தலையைத் தூக்கினார். "உள்ள சத்தம்..."

"நான்தாண்ணே இருமினேன். பழைய வீடு. எதிரொலிக்கும்."

"எதிரொலி முந்திக்கிட்டு வருதே!"

அவர் வற்புறுத்தவில்லை. நாற்பத்திரண்டையும் முடித்தார். "சரிம்மா, வரேன்" என்று எழுந்தார். படிவம் கக்கத்தில். கையெழுத்து கேட்கவில்லை. வாசலில் உட்கார்ந்து வலதுகால் ஷூவை எடுத்து, கயிற்றைத் தளர்த்தத் தொடங்கினார்.

அவளுக்குத் தெரியும். அந்தத் தந்திரத்தைப் பெற்றெடுத்தவளே அவள்தான். அந்தக் கயிறு இரண்டு நிமிடத்துக்குக் கட்டப்படும் என்று தெரியும், அவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார் என்று தெரியும், அந்த முதுகு எதற்காகக் காத்திருக்கிறது என்றும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் இருந்துவிட்டால் போதும். வலதுகால் முடிந்தது. இடதுகால் ஷூவைக் கையில் எடுத்தார்.

"அண்ணே."

"ம்."

"ரெண்டு பேர்னு போடுங்க."

அவர் திரும்பவில்லை. காதிலிருந்த பேனா மட்டும் கைக்கு வந்தது. "ரெண்டாவது ஆளுக்கு வயசு?"

"நாப்பத்திமூணு. தம்பி. உள்ள இருக்கான். பதினோரு வருஷமா உள்ளதான் இருக்கான்."

"சிகிச்சைக்குப் போனீங்களா?"

"மூணு தடவை நாள் வாங்கினோம். பஸ் ஏற முடியல அவனால. ஒவ்வொரு தடவையும் நாலு மாசம் காத்திருந்து..."

உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, ஆனால் தெளிவாக.

"அக்கா, கடைசித் தடவை அஞ்சு மாசம். தப்பா எழுத வச்சுடாத."

பிறகு கண்டக்டர், ஒருகாலில் ஷூவும் மறுகால் வெறுங்காலுமாக உள்ளே வந்து மறுபடி உட்கார்ந்தார். "அஞ்சு" என்று எழுதினார். "முதல்லேர்ந்து வருவோம்மா. இப்ப உங்களுக்கு. நாட்டமில்லாம எத்தனை நாள்?"

"பதினாலு."

"தூக்கம்?"

"பதினாலு."

"களைப்பு?"

அவள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் தானாகவே பதினாலு என்று போட்டுக்கொண்டார். இரண்டு வாரத்தில் அதற்குமேல் நாள் கிடையாது. இருந்திருந்தால் அதையும் போட்டிருப்பார்.

அவர்கள் பகுதி இரண்டாவது இடத்தில் தேறியும், நூலகத்துக்குப் பின்னால் டாக்டர் வந்து உட்காரப் பத்து மாதம் ஆயிற்று. சுண்ணாம்பு அடிக்க மூன்று மாதம், பெயர்ப்பலகைக்கு இரண்டு மாதம், சாவி எங்கே என்று தேட மீதி. செவ்வாய்க்கிழமை பிற்பகல், முப்பது டோக்கன்.

தம்பி முதல் செவ்வாய் தொட்டி வரை வந்து திரும்பிவிட்டான். இரண்டாவது செவ்வாய் வாசலிலேயே திரும்பிவிட்டான். மூன்றாவது செவ்வாய், உச்சிவெயிலில், கண்ணைத் தரையிலேயே வைத்துக்கொண்டு, உதட்டசைவில் எண்ணியபடி அறுநூற்று முப்பது அடியும் நடந்துவிட்டான். அவன் சட்டை முதுகு நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுடையதும் அப்படித்தான்.

வரிசையில் பாதித் தெரு நின்றது. வம்சத்தில் மனசு இல்லாத பெரியவர் நின்றார். அவருக்கு எதிர்வீட்டுக்காரர் அவருக்குப் பின்னாலேயே நின்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் சுவரில் புதுச் சுண்ணாம்பைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தொன்பதாவது டோக்கனோடு நின்ற தையல்காரம்மா திரும்பிப் பார்த்தாள்.

"வாப்பா தம்பி. கப்பல் எப்ப கரைக்கு வந்துச்சு?"

அக்காவுக்குக் காது வரை சூடேறியது. தம்பி தலை குனிந்தபடி, "கப்பலே இல்லக்கா. பக்கத்து ரூம்லதான் இருந்தேன்" என்றான்.

"தெரியும்டா. பதினோரு வருஷமா உன் இருமலைக் கேட்டுக்கிட்டுத்தானே தைக்கிறேன். அந்த இருமல் வந்தா, சரி, பக்கத்துல ஒரு ஆள் முழிச்சிருக்குன்னு நெனச்சுக்குவேன்."

"நானும் மெஷின் சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் படுத்திருப்பேன்."

ஏழாம் வீட்டம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ அந்தத் திமிங்கிலம்க்கா...?"

"அதை மட்டும் நம்பினேன்மா" என்றாள் தையல்காரம்மா. "நல்லா இருந்துச்சு."

வரிசையில் அவர்கள் நின்றது முப்பத்துமூன்றாவது, முப்பத்துநாலாவது இடத்தில். நர்ஸ் வெளியே வந்து, "முப்பதோட சரி. மத்தவங்க அடுத்த வாரம் வாங்க" என்றாள். தையல்காரம்மா தன் சீட்டைத் தம்பியிடம் நீட்டினாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நீங்க போங்கக்கா. உங்களுக்குத் தூக்கம் வேணும். எனக்கு நடந்து வர்ற தூரந்தானே."

திரும்பி நடந்தார்கள். அவன் எண்ணிக்கொண்டே வந்தான். பச்சைக் கதவைத் திறந்து உள்ளே போய் மின்விசிறியைப் போட்டுவிட்டு, "அக்கா, போகும்போது அறுநூத்தி முப்பது. வரும்போது அறுநூத்தி பத்துதான். அடுத்த வாரம் பன்னெண்டு மணிக்கே கிளம்பிடணும், கேட்டியா?" என்றான்.

பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தான். வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில், செருப்பைக் கழற்றாமலேயே, வாய் திறந்தபடி அவள் தூங்கிப்போயிருந்தாள்.